கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சா, தூசி ஏறிடுச்சா?



"எங்க வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்பாகிட்ட புதுசு கேட்டிருக்கேன்." இந்த வசனத்தை இந்த வருஷம் மட்டும் எங்க வகுப்பில் நாலு பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். புதுசு வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். முடியாதவர்களுக்கும், வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க நினைப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

எங்க வீட்டு கம்ப்யூட்டர் 2015-இல் வாங்கியது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு செட். அதில்தான் எங்க அம்மா டி.டி.பி. வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ட்யூஷன் சென்டர் கேள்வித்தாள் எல்லாம் அதில்தான். அது ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. முகூர்த்த மாதத்தில் படுத்தால் ஆர்டர் கொடுத்தவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அதனால் எங்க வீட்டில் அதை டி.வி. மாதிரி பார்ப்பதில்லை. நம்ம ஊரில் தறிக்காரர்கள் தறியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். எண்ணெய் விடாமல் யாராவது தறி ஓட்டுவார்களா?

சரி, விஷயத்துக்கு வருவோம். 2015-இல் ஒரு பிராசஸர் ஒரு நொடிக்கு எவ்வளவு கணக்குப் போட்டதோ, அதே அளவு கணக்கை அது இன்றைக்கும் போடும். வயசானதால் மட்டும் அது மெதுவாகிவிடாது. அதைச் சுற்றி இருப்பவைதான் மாறுகின்றன. உள்ளே சூடு ஏறுகிறது. ஹார்ட் டிஸ்க் நிரம்புகிறது, தேய்கிறது. நமக்குத் தெரியாமல் பத்து புரோகிராம்கள் பின்னால் ஓடுகின்றன. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இப்போதைய வெப்சைட்டுகளும் சாஃப்ட்வேர்களும் பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட ரொம்பக் கனம். அந்த ஒன்றை மட்டும் துடைத்துச் சரிபண்ண முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் நம்ம கையில் வழி இருக்கு.

முதலில் சூடு. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம் என்று இயற்பியலில் படித்தோமே, அந்தப் பாடம் முழுக்க கேபினட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிராசஸரின் சூடு அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்குக்குக் கடத்தலால் ஏறுகிறது. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே ஃபேன் காற்றை ஊதி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பற்பசை மாதிரி ஒரு பசை தடவியிருக்கும், தெர்மல் பேஸ்ட் என்று பெயர். அது எதுக்கு? இரண்டு உலோகங்களையும் எவ்வளவு அழுத்தி வைத்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளி இருக்கும். அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் அந்தத் துளி காற்று எவ்வளவு பெரிய தடை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைப் பசை நிரப்புகிறது.

இப்போது தூசிக்கு வருவோம். நம்ம ஊர்க் காற்றில் சும்மா மண் தூசி மட்டும் இல்லை, தறியிலிருந்து வரும் பஞ்சுத் தூசியும் இருக்கு. அது ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் போய் கம்பளிப் போர்வை மாதிரி அடைத்துக்கொள்ளும். ஃபேன் சுத்தும், காற்று போகாது. சூடு அளவை மீறினால் பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். நாம் "ஸ்லோ" என்று திட்டுவது பல நேரம் இதைத்தான்! அதற்கும் மேலே ஏறினால் சட்டென்று அணைந்துவிடும். போன வருஷம் சித்திரை வெயிலில் எங்க கம்ப்யூட்டர் மதியம் இரண்டு மணி ஆனால் தானாக அணைந்தது. அம்மா பயந்துபோய் சர்வீஸ் அண்ணாவைக் கூப்பிட்டார். அவர் கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது ஆஸ்பத்திரி கேஸ் இல்லீங்க, குளிப்பாட்டிவிட்டா போதுமுங்க" என்றார். தூசி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினார். அவ்வளவுதான். இந்த வருஷம் சித்திரையில் அது அணையவில்லை.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி எடுப்பது என் வேலை. பத்தாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலில் ஷட் டவுன். பிறகு சுவிட்சை அணைத்து, பின்னால் இருக்கும் பவர் கேபிளையே உருவிவிட வேண்டும். உருவின பிறகு பவர் பட்டனை ஒரு பத்து நொடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். கேபினட்டைத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிப் போய்விடுங்கள். வீட்டுக்குள் திறந்தால் அம்மாவிடம் அடி உறுதி. பக்கவாட்டு மூடியின் இரண்டு திருகைக் கழற்றி, உள்ளே எதையும் தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள். நம்ம உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ரேம் சிப்பைக் கெடுக்க நமக்கு உணர்வே தெரியாத அளவு நிலைமின்சாரம் போதும்.

சுத்தம் பண்ண ஒரு புது பெயின்ட் பிரஷ், ஒரு கை புளோயர் போதும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊதணும். இல்லாவிட்டால் அது ஊதும் வேகத்தில் கண்டபடி சுத்தி பேரிங் கெடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போர்டில் படும். ஈரத்துணி உள்ளே வேண்டவே வேண்டாம். பவர் கேபிள் சொருகும் அந்த இரும்புப் பெட்டி இருக்கே, எஸ்.எம்.பி.எஸ்., அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளில் பிளக்கை உருவின பிறகும் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அதன் ஃபேன் ஓட்டை வழியாக வெளியிலிருந்து பிரஷ் போட்டால் போதும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவதை நான் செய்வதில்லை, அதைத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்துப் படம் பார்க்காதீர்கள். அதன் காற்று ஓட்டை பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். குத்திப் பார்ப்பது, அமுக்கிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம், தீப்பிடிக்கும்.

* * *
உங்களுக்குத் தெரியுமா?
1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணினி தகராறு பண்ணியது. தேடிப் பார்த்தால் உள்ளே ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று மாட்டிக் கிடந்தது. அதை எடுத்து வேலைக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். கோளாறுக்கு "பக்" என்று சொல்வது அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு நிஜப் பூச்சியே அகப்பட்டது! நம்ம வீடுகளில் விட்டிலுக்குப் பதில் எறும்பு, கரப்பான், பல்லி. கேபினட்டுக்குப் பின்னால் கார்டு இல்லாத காலி சந்துகளை மூடுவதற்குத் தகடு கிடைக்கும், போட்டுவிடுங்கள். கீபோர்டு மேல் முறுக்கு தின்பதையும் நிறுத்தணும்.
* * *

அடுத்து மின்சாரம். நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கு. தறி எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் எங்க தெருவில் பல்பைப் பார்த்தாலே அது ஏறி இறங்குவது தெரியும். அதற்காகத்தான் யு.பி.எஸ். ஆனால் யு.பி.எஸ். என்பது கரண்ட் போனால் தொடர்ந்து வேலை பார்ப்பதற்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்ன யு.பி.எஸ்.ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், கணக்குப்படி 42 நிமிஷம். ஆனால் இந்த வகை பேட்டரியிலிருந்து வேகமாக உறிஞ்சினால் முழு அளவு கிடைக்காது, மாற்றுவதில் நஷ்டமும் உண்டு. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். இரண்டு மூன்று வருஷம் ஆன பேட்டரியில் சேவ் பண்ணக்கூட நேரம் இருக்காது. எனவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லையென்றால் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், யு.பி.எஸ்.ஸையே மாற்ற வேண்டியதில்லை. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகாதீர்கள், அது சூடாகும் ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது.

கேபினட்டைத் தொட்டால் விரலில் "சுர்ர்" என்று இருக்கிறதா? எங்க பக்கத்து வீட்டில் "அது அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். அது அப்படித்தான் இல்லை! எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இருக்கும் மின்தேக்கிகள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கேபினட் இரும்புக்கு வரும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் நம்ம விரல் வழியாகப் போகும். எனவே சுர்ரென்றால் கம்ப்யூட்டர் கடைக்காரரை அல்ல, எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லணும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டு இரண்டு முனை சாக்கெட்டில் சொருகும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு சேர்த்து இன்டர்நெட் கேபிளையும் உருவிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

இனி ஹார்ட் டிஸ்க். பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்குச் சூட்டை அடுத்து பெரிய காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? 60-ஐ 7,200-ஆல் வகுத்தால் 8.33 மில்லி செகண்டு. நமக்கு வேண்டிய தகவல் தலைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரை சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்கு மேல் காத்திருக்கணும். தலை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. அதனால் காத்திருப்பு பத்தில் ஒரு மில்லி செகண்டு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கிறது. எங்க கம்ப்யூட்டரில் விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம், ரேமை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி. ஆக்கினோம். புது கம்ப்யூட்டர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆனது. இப்போது பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திறந்துவிடுகிறது. காசு செலவு பண்ணணும் என்றால் முதலில் இதற்குப் பண்ணுங்கள் என்பது என் கருத்து.

டிஃப்ராக் என்று ஒரு வேலை உண்டு. சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒழுங்காக அடுக்குவது. அது சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் பயன்படும். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டாம், எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும். விண்டோஸ் எது என்ன டிஸ்க் என்று பார்த்துத் தானாகவே அதற்கு உரியதைச் செய்துகொள்ளும், நாம் புகாமல் இருந்தால் போதும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கிளீனப் விண்டோஸிலேயே இருக்கு. கிளீன் பண்ணுவதற்கு முன் டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் நீங்கள் வைத்த ஃபைலும் சேர்ந்து போகும்.

பிறகு அந்த ரெஃப்ரெஷ்! டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். எங்க லேபில் பாதிப் பேர் சாமி கும்பிடுகிற மாதிரி இதைச் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அது திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். ரேமும் காலியாகாது, வேகமும் கூடாது. வேகம் வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் பகுதியில், ஆன் பண்ணினதும் தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். எது என்னவென்று தெரிந்ததை மட்டும் டிஸேபிள் பண்ணுங்கள், தெரியாததைத் தொட வேண்டாம். "ஸ்பீட் பூஸ்டர்", "பி.சி. கிளீனர்" என்று விளம்பரத்தில் வருவதைப் போட்டுவிட்டால் அதுவே ஒரு பாரம். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பு என்பதும் தவறு, ஒன்றோடொன்று சண்டை போடும்.

இன்னொரு சின்ன விஷயம். விண்டோஸ் 8-லிருந்து, ஷட் டவுன் பண்ணினால் அது முழுசாக மூடுவதில்லை. அடுத்த தடவை சீக்கிரம் திறப்பதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் பண்ணினால்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். ஏதாவது திக்கித் திணறினால் ஷட் டவுனை விட ரீஸ்டார்ட் மேல்.

கடிகாரம் தப்பாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் "சி.ஆர். 2032" என்று கேட்கணும். 20 என்றால் 20 மில்லி மீட்டர் விட்டம், 32 என்றால் 3.2 மில்லி மீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கு! தேதி பின்னால் போய்விட்டால் கடிகாரம் மட்டும் அல்ல, வெப்சைட்டுகளும் திறக்காது. அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்பதை நம்ம கடிகாரத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. நெட் போச்சு என்று கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன் மணியைப் பாருங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் கெட்டால் சரிபண்ணலாம், இல்லாவிட்டால் மாற்றலாம். இனி சொல்வது அப்படி இல்லை. எங்க தெருவில் ஒரு அண்ணாவின் பழைய லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கில் தலை தட்டில் உரசிவிட்டது. அவர் பாட்டி காலமாவதற்கு முன் பேத்திக்குக் கதை சொன்ன வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. சர்வீஸ் கடையில், வெளியூருக்கு அனுப்பினால் எடுக்க முயற்சி பண்ணலாம், வரும் என்று உத்தரவாதம் இல்லை என்றார்கள். கேட்ட தொகையில் இன்னொரு லேப்டாப்பே வாங்கலாம். அந்த டிஸ்க் இன்னும் அவங்க பீரோவில் இருக்கு.

அதனால் எங்க வீட்டில் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அம்மாவின் வேலை ஃபைல்களையும் எங்க போட்டோக்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி பண்ணுவோம். காப்பி முடிந்ததும் கேபிளை உருவிவிடணும். எப்போதும் சொருகியே வைத்திருந்தால் மின்னலோ வைரஸோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொரு காப்பி சித்தி வீட்டில் இருக்கு. முக்கியமான சில ஃபைல்கள் மட்டும் கூகுள் டிரைவில். மாதம் ஒரு தடவை அந்தக் காப்பியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தும் பார்ப்பேன். திறக்காத காப்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வைரஸ் என்றதும் அப்டேட் ஞாபகம் வருகிறது. 2017 மே 12-இல் வானாக்ரை என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூட மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்துவிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

இங்கேதான் எங்க வீட்டுக்கே ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விரும்பிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வருஷ நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எங்க 2015 செட்டில் அது இல்லை. பாகம் எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் சாஃப்ட்வேர் பக்கம் கதவு மூடிவிட்டது. லினக்ஸ் மின்ட் போட்டால் இலவசம், அப்டேட்டும் வரும், இந்தச் செட்டில் நன்றாகவே ஓடும். படிக்க, நெட் பார்க்க, புராஜெக்ட் டைப் பண்ண உங்களுக்கு அது தாராளம். ஆனால் அம்மா பழகியிருப்பது பேஜ்மேக்கர். அது லினக்ஸுக்கு வரவே இல்லை.

ரொம்ப யோசித்து நாங்கள் செய்தது இது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுவிட்டோம். நெட் வேலை எல்லாம் லினக்ஸில். பேஜ்மேக்கர் வேலைக்கு மட்டும் விண்டோஸ், அதில் நெட் கிடையாது. வாடிக்கையாளர் பென் டிரைவ் கொண்டுவந்தால் முதலில் லினக்ஸில் சொருகி, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு பிறகுதான் விண்டோஸ் பக்கம். அம்மாவுக்கு முதல் வாரம் எரிச்சல்தான். "ஒரு பத்திரிகை அடிக்க ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமா சாமி" என்றார். இப்போது பழகிவிட்டது.

சார்ட் பேப்பரில் இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. வருகிற சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் சாரின் அனுமதியோடு, லேபில் ஓரமாகக் கிடக்கும் இரண்டு பழைய கேபினட்களைத் திறந்து தூசி எடுக்கப் போகிறோம். ஒன்றாவது மறுபடி ஓடும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கு. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு புது பெயின்ட் பிரஷ்ஷும், மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டையும் கொண்டுவாருங்கள். கை புளோயர் நான் கொண்டுவருகிறேன்.

— பதினோராம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு